கோப்பேங் வந்தால் மெட்ராஸ்

அவர் எங்கள் அலுவலகத்துக்குள் காலெடுத்து வைத்ததே குறைவு. வெளியே நடைபாதையில், கண்ணாடிக்கு அந்தப் பக்கம், கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்பார். நான் தட்டச்சு இயந்திரத்திலிருந்து தலையை நிமிர்த்தும் வரை நிற்பார். பார்த்ததும் உள்ளங்கையைக் கவிழ்த்து மெல்ல மேலே ஏற்றிக் காட்டுவார். மெட்ராஸ் விமானம் நேரத்துக்குக் கிளம்புகிறதா என்று அர்த்தம். நான் கோலாலம்பூருக்குப் போன் போட்டுக் கேட்டுவிட்டுத் தலையசைப்பேன். அவரும் தலையசைத்துவிட்டுத் தன் காருக்குப் போய்விடுவார்.

எழுபதுகளின் கடைசியில், ஈப்போவில் ஒரு சின்னப் பயண ஏஜென்சியில் டிக்கெட் எழுதும் வேலையில் இருந்தேன். எதிரே டாக்சி நிலையம். வெளியூர் டாக்சி ஓட்டிய பத்துப் பதினைந்து பேரில் அவரும் ஒருவர். நாற்பதைத் தாண்டிய வயது. ஒல்லியான ஆள். முழங்கை வரை மடித்துவிட்ட வெள்ளைச் சட்டை, அதில் எப்போதும் கஞ்சி மொடமொடப்பு. சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தோட்டத்தில் ரப்பர் பால் லோரி ஓட்டியவர். அந்தத் தோட்டத்தைத் துண்டு போட்டு விற்றபோது ஈப்போவுக்கு வந்து டாக்சி ஓட்ட ஆரம்பித்தாராம். அவரைப் பற்றி அந்த நிலையத்தில் எல்லாருக்கும் தெரிந்தது அவ்வளவுதான். மற்ற டிரைவர்கள் தைப்பிங், பினாங்கு என்று கிடைத்த பக்கமெல்லாம் ஓடுவார்கள். இவர் பெரும்பாலும் கோலாலம்பூரின் சுபாங் விமான நிலையத்துக்குத்தான் போவார். அதிலும் மெட்ராஸ் போகிறவர்கள் என்றால் வேறு யாரையும் ஏற்றமாட்டார்.

மற்றவர்களுக்கு அவரைப் பார்த்தால் சிரிப்பு. பயணியை இறக்கிவிட்டதும் அடுத்த சவாரியைப் பிடித்துக்கொண்டு திரும்புவதுதான் வழக்கம். இவர் விமான நிலையத்து மாடிக்குப் போய், வழியனுப்புகிறவர்கள் நிற்கும் இடத்தில் தானும் நிற்பார். விமானம் ஏறி, மேகத்துக்குள் போய், கண்ணுக்குத் தெரியாமல் ஆன பிறகுதான் கீழே இறங்கி வண்டியை எடுப்பார்.

"எறக்குனமா, திரும்புனமான்னு இருக்கணும் லா" என்று ஒரு டிரைவர் என்னிடமே சொல்லியிருக்கிறார். "இவரு என்னமோ பைலட்டுக்குச் சொந்தக்காரரு மாதிரி நிக்கிறாரு."

என் தங்கை மருத்துவம் படிக்க மெட்ராஸ் போனபோதுதான் எனக்கு விஷயம் புரிந்தது. அப்பா இல்லாத வீடு எங்களுடையது. அம்மா, நான், தங்கை மூன்று பேர்தான். தங்கை ஒரு இரவுகூட அம்மாவைப் பிரிந்து இருந்ததில்லை. விடியற்காலையில் அவருடைய டாக்சியில் கிளம்பினோம். போகும்போது அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. ரேடியோவும் போடவில்லை. சுபாங்கில் விமானம் கிளம்பி மறைந்ததும், அம்மா முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டு பின் சீட்டில் வந்து உட்கார்ந்தார்.

ராவாங் தாண்டும்போது அவர் முதல் தடவையாக வாயைத் திறந்தார். "அம்மா, இப்ப சுமத்ரா கிட்ட போவுது."

அம்மா நிமிர்ந்தார். "ஒங்களுக்கு எப்படித் தெரியும்?"

"சுபாங்கிலேருந்து மெட்ராஸ் ஆயிரத்து அறுநூறு மைலு சொச்சம்மா. மூணே முக்கா மணி நேரம். இப்ப ஒரு மணி நேரம் ஆவப் போவுது."

அவர் குரலில் ஆறுதல் சொல்லும் தொனி எதுவும் இல்லை. அடுத்த ஊர் எது என்று கேட்டால் சொல்வது போலத்தான் சொன்னார்.

தஞ்சோங் மாலிமில் ஒரு சாப்பாட்டுக் கடையில் நிறுத்தினார். அம்மா காரை விட்டு இறங்க மறுத்தார். காலையிலிருந்து பச்சைத் தண்ணீர் குடிக்கவில்லை. நான் கெஞ்சிப் பார்த்தேன். அவர் காரின் ஜன்னல் அருகே வந்து குனிந்தார்.

"அம்மா, நிக்கோபார் தீவு தாண்டியாச்சு. சாப்பாட்டுத் தட்டெல்லாம் இந்நேரம் திரும்ப வாங்கியிருப்பாங்க. ஒங்க மவ சாப்பிட்டிருக்கும். நீங்களும் ரெண்டு வாய் சாப்பிடுங்க."

அம்மா அவரை ஒரு நிமிடம் பார்த்தார். பிறகு இறங்கி வந்து, சோறும் மீன் குழம்பும் வாங்கி முழுதும் சாப்பிட்டார்.

பீடோர் வரும்போது, "இப்ப சுத்தியும் தண்ணிதான். பாக்குறதுக்கு ஒண்ணும் இல்ல. தூங்குவாங்க" என்றார். அம்மாவும் என் தோளில் சாய்ந்து தூங்கிப்போனார். தாப்பா, கம்பார் எல்லாம் போயின. கோப்பேங் வந்ததும், ரப்பர் மரங்களை ஒட்டி ஓரிடத்தில் காரை ஓரங்கட்டினார். இன்ஜினை நிறுத்திவிட்டுத் திரும்பினார்.

"அம்மா, எறங்கிட்டாங்க."

அம்மா கண்ணைத் திறந்தார். "மெட்ராஸா?"

"மெட்ராஸ்தான். நமக்கு ஈப்போ போவ இன்னும் இருபது நிமிசம் இருக்கு."

அம்மா வெளியே மரங்களைப் பார்த்தார். அன்றைக்கு முதல் தடவையாகச் சிரித்தார். "அவ ஊரு போய்ச் சேந்துட்டா. நாமதான் இன்னும் வீடு போவல."

இதை அம்மா கோயிலில் சொன்னார், பாசாரில் சொன்னார், துணிக்கடையில் சொன்னார். அம்மாவைப் போல எத்தனையோ பேர் ஏற்கெனவே சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார்கள் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. பிள்ளைகளைப் படிக்க அனுப்பியவர்கள், தாய்தகப்பனைக் கடைசிக் காலத்தில் ஊருக்கு அனுப்பியவர்கள், பெண்ணைக் கட்டிக்கொடுத்தவர்கள் எல்லாரும் டிக்கெட் வாங்கும்போதே, "அந்த அண்ணன் வண்டி கெடைக்குமா" என்று என்னிடம் கேட்பார்கள். 'கோப்பேங் வந்தா மெட்ராஸ்' என்பது அவர்களுக்குள் ஒரு பேச்சாகவே ஆகிவிட்டது. யாராவது எதற்காவது பொறுமை இழந்தால், "கோப்பேங் வரட்டும் இரு" என்பார்கள்.

எண்பத்திரண்டு பிறந்தபோது தீபகற்ப மலேசியா முழுவதும் கடிகாரத்தை அரை மணி நேரம் முன்னால் தள்ளிவைத்தார்கள். அட்டவணையில் மெட்ராஸ் போய்ச் சேரும் நேரம் அரை மணி முன்னதாக மாறிவிட்டது. கம்பாரிலிருந்து வந்த ஓர் அம்மாள் பழைய டிக்கெட்டையும் புது டிக்கெட்டையும் ஒன்றாக வைத்துப் பார்த்துவிட்டு, "இப்ப வேகமாப் போற ப்ளேன் விட்டிருக்காங்களா" என்று கேட்டார். எனக்கு விளக்கத் தெரியவில்லை. வாசலில் நின்றவரைக் கூப்பிட்டேன்.

அவர் நிலைப்படியில் நின்றபடியே பொறுமையாகச் சொன்னார். "நம்ம மணிய மாத்திட்டாங்கம்மா. ப்ளேனு அதே வேகந்தான். மூணே முக்கா மணி நேரம் மாறாது." பிறகு தனக்கே சொல்லிக்கொள்வது போல, "தூரம்னா பயப்பட வேணாம். எங்க இருக்காங்கன்னு தெரியாட்டித்தான் பயம்" என்றார்.

அவர் அடிக்கடி சொன்னது அது ஒன்றுதான். எங்கிருந்து அந்தப் பேச்சு வந்தது என்று நான் யோசித்ததில்லை.

அதே வருடம் தங்கை விடுமுறைக்கு வந்து திரும்பினாள். அம்மாவுக்குக் காய்ச்சல் என்பதால் நான் மட்டும் வழியனுப்பப் போனேன். திரும்பும்போது ஸ்லிம் ரிவர் தாண்டியதும் மழை பிடித்துக்கொண்டது. மத்தியானம் மூன்று மணிக்கே விளக்குப் போட்டாலும் பாதை தெரியவில்லை. சாலையோரம் மூடிக் கிடந்த ஒரு பழக்கடையின் கூரைக்குக் கீழே காரை நிறுத்தினார். இருவரும் மழையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். சும்மா இருக்க முடியாமல் கேட்டேன்.

"அண்ணே, நீங்க மெட்ராஸ் போனதே இல்லையா?"

"இல்ல, தங்கச்சி." கண்ணாடியில் படிந்த ஆவியைத் துடைத்துவிட்டு, "என் சம்சாரம் போனா. கப்பல்ல" என்றார்.

அவர் மனைவி கைக்குழந்தையாக இந்தியாவிலிருந்து வந்தவர். வளர்ந்தது, பால் வெட்டியது, கல்யாணம் கட்டியது எல்லாம் இங்கேதான். ஆனாலும் கையில் இருந்தது, குடியுரிமை இல்லாதவர்களுக்குக் கொடுக்கும் சிவப்பு அடையாளக் கார்டு. எழுபதாம் வருட வாக்கில் சிவப்புக் கார்டுக்காரர்களுக்கு வேலை செய்யத் தனிப் பெர்மிட் வேண்டும் என்று ஆனபோது தோட்டத்தில் அவருக்கும் அவருடைய அப்பாவுக்கும் வேலை போயிற்று. கிழவர் ஊருக்கே போய்விடுவது என்று முடிவு செய்தார். அவரைக் கொண்டுபோய் விட்டுவிட்டு ஆறு மாதத்தில் திரும்புவதாக மகளும் கூடக் கிளம்பினார். மூன்று வயதுப் பெண் குழந்தை ஒன்று இருந்தது.

"புள்ளைய எங்க அக்காகிட்ட விட்டுட்டுப் போறேன்னுதான் அவ சொன்னா. நாந்தான் கேக்கல. தாத்தாகூடப் போய் ஊரப் பாத்துட்டு வரட்டும்னேன். பினாங்குல ஏத்திவிட்டேன். ஆறு நாள் போவும்னாங்க. சரின்னு பஸ்ஸேறி வந்துட்டேன். கப்பல் எங்க போவுது, என்ன கடலு, ஒண்ணும் எனக்குத் தெரியாது. கேக்கவும் தோணல."

மழைச் சத்தத்தில் அவர் குரல் தாழ்ந்துதான் கேட்டது.

"மூணு வாரம் கழிச்சுக் கடுதாசி வந்துச்சு. நாலாவது நாள் புள்ளைக்கி வாந்தி, பேதி. டாக்டரு பாத்திருக்காரு. முடியல. கடல்லயே எறக்கிட்டாங்க." வைப்பரை ஒரு தடவை ஓடவிட்டு நிறுத்தினார். "நாலாவது நாளு நான் என்ன பண்ணேன்னு ஒக்காந்து யோசிச்சேன். தோட்டத்துல ஒரு கல்யாணம். பந்தியில சாம்பார் வாளியத் தூக்கிக்கிட்டு ஓடுனேன். மாப்பிள்ளை எலையில ரெண்டு தடவை ஊத்தப் போயி எல்லாரும் சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன். அந்த நேரந்தான்."

மழை விட்டதும் காரை எடுத்தார். மனைவி பிறகு வரவே இல்லை என்றும், திரும்பி வரும் தவணை முடிந்து கார்டும் செல்லாமல் போனது என்றும், எழுதிய கடிதங்களுக்குப் பதில் இல்லை என்றும் தாப்பா வருவதற்குள் சொல்லி முடித்தார். துறையூர்ப் பக்கம் ஒரு கிராமத்தில் இருக்கிறார் என்று மட்டும் தெரியும்.

"நீங்க போயிப் பாக்கலாமேண்ணே. ஒரு நாள்ல போயிடலாம்."

"பாஸ்போட் வச்சிருக்கேன் தங்கச்சி. எடுத்து நாலு வருசம் ஆச்சு." கோப்பேங்கில் வழக்கம் போல நிறுத்தி, என் தங்கை இறங்கிவிட்டாள் என்று சொன்னார்.

அன்றிலிருந்து அவர் கண்ணாடிக்கு வெளியே வந்து நின்றால், கையை ஏற்றிக் காட்டும் முன்பே நான் போனை எடுத்துவிடுவேன். ஆளில்லாத வீட்டுக்கு அவர் திரும்பிப் போவார். ஜெலாப்பாங்கில் ஒற்றை அறை வாடகைக்கு எடுத்திருந்தார். ஊரிலுள்ள பிள்ளைகள் எல்லாம் எந்தக் கடல் மேல் இருக்கிறார்கள் என்று சொல்லத் தெரிந்தவர், தன் மனைவி உயிரோடு இருக்கிறாரா என்றுகூடத் தெரியாமல் இருந்தார்.

இரண்டு வருடம் இப்படியே போயிற்று. பிறகுதான் பாகான் செராய் என்ற ஊரிலிருந்து ஒரு கிழவர் வந்தார். மனைவிக்கு இரண்டு கண்ணிலும் புரை. மெட்ராஸில் இருந்த அவளுடைய தங்கை, அங்கே வந்தால் ஆபரேஷன் செய்து பார்த்துக்கொள்வதாக எழுதியிருந்தாள். கிழவருக்கு வயல் வேலை. கூடப் போக முடியவில்லை. டிக்கெட் நான்தான் எழுதினேன். கொண்டுபோய் விட்டவர் அவர்தான்.

திரும்பும் வழியெல்லாம் கிழவருக்குச் சொல்லிக்கொண்டே வந்திருக்கிறார். சுமத்ரா, நிக்கோபார், சுற்றிலும் தண்ணீர். கோப்பேங்கில் நிறுத்தி, "எறங்கிட்டாங்க ஐயா. தங்கச்சி வந்து கையப் புடிச்சிருக்கும்" என்றிருக்கிறார். கிழவர் அவர் கையைப் பிடித்துக்கொண்டு கும்பிட்டாராம்.

அவர்கள் ஈப்போ வந்து சேர்ந்தபோது நான் நடைபாதையில் நின்றுகொண்டிருந்தேன். கோலாலம்பூரிலிருந்து போன் வந்திருந்தது. விமானம் கிளம்பிச் சற்று நேரத்திலேயே ஏதோ கோளாறு என்று சுபாங்குக்கே திரும்பிவிட்டது. மறுநாள்தான் போகும்.

நான் சொன்னதைக் கேட்டு அவர் காரின் கதவைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றார். "எப்ப திரும்புச்சு?"

"கெளம்பி அரை மணி நேரத்துல, அண்ணே."

"அப்ப நான் ராவாங் வரதுக்கு முந்தியே." கிழவரை மறுபடி ஏற்றிக்கொண்டு, ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்காமல் வண்டியைத் திருப்பினார்.

அங்கே நடந்ததை மறுநாள் அவரே வந்து சொன்னார். பொழுது சாயும் நேரத்தில் போய்ச் சேர்ந்திருக்கிறார்கள். கிழவி வெளிக்கூடத்தில் ஒரு நாற்காலியில், மடியில் பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பசித்த முகம். விமானம் ஏறியது, கொஞ்ச நேரம் பறந்தது, இறங்கியது. எல்லாரும் இறங்கினார்கள், அவளும் இறங்கினாள். மெட்ராஸ் வந்துவிட்டது என்றே நினைத்திருக்கிறாள். அறிவிப்பு எதுவும் அவளுக்குப் புரியவில்லை, முகங்களும் தெரியவில்லை. யாரிடமும் பேச்சுக் கொடுக்கவும் பயம். தங்கை வந்து கூட்டிப்போவாள் என்று ஏழு மணி நேரமாகக் காத்திருந்தாள். கிழவர் போய்க் கையைத் தொட்டதும் தடவிப் பார்த்துவிட்டு, "நீங்களும் வந்துட்டீங்களா" என்றாளாம்.

"அவங்க ரெண்டு பேரும் அப்புறம் சிரிச்சாங்க, தங்கச்சி. அவங்களுக்கு அது சிரிப்பாத்தான் போச்சு." அவர் கண்ணாடிக் கதவில் கை வைத்துக்கொண்டு நின்றார். "அந்த அம்மா தனியாப் பசியோட ஒக்காந்திருக்கு. நான் இவருகிட்ட அவங்க சாப்பிட்டாங்கன்னு சொல்லி, இவர சாப்பிட வச்சிருக்கேன். நான் சொன்ன மத்ததெல்லாம் மட்டும் நெசமாவா இருந்திருக்கும்?"

"எப்பயோ ஒரு தடவைதானேண்ணே" என்றேன்.

"ஒரு தடவ போதும்" என்றார்.

அதன்பின் அவர் வழியில் எதையும் சொல்வதில்லை என்று பயணிகள் என்னிடம் குறைப்பட்டார்கள். கேட்டால், "நல்லபடியாப் போவாங்கம்மா" என்பதோடு சரி. கோப்பேங்கிலும் நிறுத்துவதில்லை.

ஒரு மாதம் போயிருக்கும். கதவைத் திறந்துகொண்டு உள்ளே வந்து, எனக்கு எதிரே இருந்த நாற்காலியில் உட்கார்ந்தார். பாஸ்போர்ட்டை எடுத்து மேசையில் வைத்தார்.

"மெட்ராசுக்கு ஒரு டிக்கெட் எழுதுங்க."

"யாருக்குண்ணே?"

"எனக்குத்தான்."

அவர் ஒன்பது நாளில் திரும்பி வந்தார். வந்த மறுநாளே அலுவலகத்துக்கு வந்தார். நான் கோப்பி வரவழைத்தேன். அதைத் தொடாமல் பேசினார்.

மனைவியைக் கண்டுபிடிப்பது கஷ்டமாக இல்லை. கிராமத்தில் மலேசியாக்காரி வீடு என்று கேட்டதும் காட்டிவிட்டார்கள். அண்ணன் வீட்டை ஒட்டி ஒரு சின்ன ஓட்டு வீடு. தனியாகத்தான் இருந்தார். இவரைப் பார்த்ததும் அதிர்ச்சியடையவும் இல்லை, அழவும் இல்லை. முகம் கழுவத் தண்ணீர் மொண்டு கொடுத்தார். சோறு போட்டார். இவர் சாப்பிட்டுக் கை கழுவி வந்த பிறகு, "எப்பக் கெளம்புனீங்க" என்று கேட்டார்.

"நேத்துன்னேன். நம்பல. கப்பலான்னு கேட்டா. ப்ளேன்னேன். ப்ளேன்ல எவ்வளவு நேரம்னு கேட்டா." அவர் என்னைப் பார்க்காமல் சுவரில் இருந்த உலகப் படத்தைப் பார்த்தார். "எத்தனையோ பேருக்குச் சொல்லியிருக்கேன். அவகிட்டச் சொல்ல வாய் வரல. மூணே முக்கா மணி நேரம்னேன். அவ கையில இருந்த செம்பக் கீழ வச்சா. அப்புறம் சொன்னா. நீங்க ஆறு நாள் தூரத்துல இருக்கீங்கன்னு நெனச்சிருந்தேன். அதனாலதான் மன்னிச்சிருந்தேன்னா."

கோப்பி ஆறிப்போயிருந்தது.

அங்கே இருந்த நாளெல்லாம் அவர் மனைவி வேளாவேளைக்குச் சமைத்துப் போட்டார், துணி துவைத்துக் கொடுத்தார். இரவில் அண்ணன் வீட்டில் போய்ப் படுத்துக்கொண்டார். கிளம்பும் நாளில் இவர், "வந்துடேன்" என்று கேட்டதற்கு, "எதுல வர, அந்தக் கார்டுதான் செத்துப்போச்சே" என்று மட்டும் சொன்னாராம். வரமாட்டேன் என்று சொல்லவில்லை என்பதை அவர் திரும்பத் திரும்ப என்னிடம் சொன்னார்.

வாரம் ஒரு கடிதம் எழுதினார். எழுதியது நான் இல்லை, அவரேதான். தோட்டத்துப் பள்ளியில் ஆறாவது வரை படித்தவர். என்ன எழுதினார் என்று தெரியாது. ஒரு வருடம் கழித்து மனைவியின் அண்ணனிடமிருந்து பதில் வந்தது. பாஸ்போர்ட் எடுத்தாகிவிட்டது, ஒரு மாதம் வந்து பார்த்துவிட்டுத் திரும்புவாள் என்று.

அந்த ஒரு மாதத்தில் நான் அவர்களை ஒரே ஒரு தடவைதான் பார்த்தேன், காலைப் பாசாரில். மீன் கடைக்கு முன்னால் கறுத்த, உயரமான ஒரு பெண்மணி மலாய்க்காரரிடம் பேரம் பேசிக்கொண்டிருந்தார். பதினைந்து வருடம் பேசாத மலாய் அவர் வாயில் தங்குதடையில்லாமல் வந்தது. மீன்காரர் ஏதோ சொல்ல, அவர் இடுப்பில் கை வைத்துக்கொண்டு வாய்விட்டுச் சிரித்தார். நான்கடி தள்ளிக் கூடையோடு நின்றிருந்தவரை அப்போதுதான் கவனித்தேன். அவர் அந்தச் சிரிப்பையே பார்த்துக்கொண்டு நின்றார். என்னைக் கண்டதும், "கெளுத்தி வாங்குறா" என்றார். மனைவி மீனை வாங்கிக் கூடையில் போட்டுவிட்டு முன்னால் நடந்தார். இவர் பின்னால் போனார்.

மாதம் முடிந்து அவரே காரில் கொண்டுபோய் சுபாங்கில் ஏற்றிவிட்டு வந்தார். திரும்பும்போது வழியில் எங்கேயும் நிறுத்தவில்லை என்றார். மறுநாள் அலுவலகத்துக்கு வந்தவர் கையில் ஒரு போராங் இருந்தது. நான்கு பக்க மனு, முழுதும் மலாயில். குடியுரிமை உள்ள கணவன், வெளிநாட்டிலுள்ள மனைவிக்கு இங்கே தங்க அனுமதி கேட்கும் மனு.

"உள்ள போறதுக்கு முந்தித் திரும்பி, பேப்பர் போடுங்கன்னு சொன்னா. அவ்வளவுதான் சொன்னா. போட்டுடலாம், தங்கச்சி."

அந்த மனு மூன்று வருடம் அலைந்தது. இரண்டு தடவை திருப்பி அனுப்பினார்கள். அதற்குள் எனக்குக் கல்யாணமாகி நான் பினாங்குக்குப் போய்விட்டேன். அனுமதி கிடைத்து அவர் மனைவி வந்துவிட்டார், ஜெலாப்பாங்கில் ஒரு தொழிற்சாலையின் கேண்டீனில் வேலை செய்கிறார், இரண்டு பேரும் அதிகம் பேசிக்கொள்வதில்லை ஆனால் சேர்ந்துதான் சாப்பிடுகிறார்கள் என்று அம்மா எழுதியிருந்தார். அதை நான் கண்ணால் பார்க்கவில்லை. நான் பார்த்தது அந்த மனுவை நிரப்பிய மத்தியானம் மட்டும்தான்.

மனுத்தாளை இயந்திரத்தில் செருகி, ஒவ்வொன்றாகக் கேட்டு அடித்துக்கொண்டு வந்தேன். பெயர், பிறந்த இடம், அடையாளக் கார்டு எண், கல்யாணம் நடந்த இடம். மூன்றாம் பக்கத்தில், பிள்ளைகள் எத்தனை பேர் என்று இருந்தது. நான் அதை வாய்விட்டுப் படிக்காமல் தாண்டப் பார்த்தேன்.

"அதுல என்ன கேட்டிருக்காங்க?"

சொன்னேன்.

"ஒண்ணுன்னு போடுங்க."

"இப்ப இருக்கற புள்ளைங்களத்தான் கேக்கறாங்கண்ணே."

அவர் சட்டைப் பையிலிருந்து மடித்த தாள் ஒன்றை எடுத்துப் பிரித்து என் முன்னால் வைத்தார். பிறப்புப் பத்திரம். மடிப்புகளில் கிழிந்து, பின்பக்கம் காகிதம் ஒட்டியிருந்தது. "பொறந்துச்சுல்ல. அவதான் இத அங்கேருந்து கொண்டாந்து குடுத்தா. இத்தனை வருசமா அவகிட்டதான் இருந்திருக்கு."

ஒன்று என்று அடித்தேன். பெயரையும் பிறந்த தேதியையும் பத்திரத்தைப் பார்த்து அடித்தேன். அடுத்த கட்டம், பிள்ளை இப்போது வசிக்கும் இடம். என் விரல்கள் நின்றுவிட்டன. அவர் எட்டி அந்த வரியைப் பார்த்தார். அந்த அளவுக்கு மலாய் அவருக்குப் படிக்கத் தெரியும்.

தெருவைத் திரும்பிப் பார்த்தார். பிறகு, "லாவுட்னு போடுங்க" என்றார். மலாயில் கடல்.

எல், ஏ, யூ, டி என்று நான்கு எழுத்து. அடித்தேன். தாளை உருவி அவரிடம் கொடுத்தேன். அவர் அந்த வரியின் கீழே விரலை வைத்து மெதுவாகப் படித்துப் பார்த்தார். என்னிடம் பேனா வாங்கி, கடைசிப் பக்கத்தில் கையெழுத்துப் போட்டார்.